பாதி விலைச் சொகுசு ஜீப்பும் முழு விலை உதிரிப்பாகமும்

வாசகர் கேள்வி: ஐயா, நான் கந்தப்பளைப் பக்கம் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவன். கொழும்பில் ஒருவரிடம் 2012 ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4 விற்பனைக்கு இருக்கிறது. பிரித்தானியாவில் சிறிது காலம் ஓடி இங்கு வந்த வண்டி, 3.0 லீற்றர் எஸ்டிவி6 டீசல் எஞ்சின், மீற்றரில் 115,000 கிலோமீற்றர் காட்டுகிறது. 165 இலட்சம் கேட்கிறார். அதே ஆண்டு டொயோட்டா பிராடோவுக்குக் கேட்கும் விலையில் இது பாதியை ஒட்டியே வருகிறது. என்னுடைய 2004 டபள் கெப்பை 65 இலட்சத்துக்கு விற்று, நிலையான வைப்பில் உள்ள 100 இலட்சத்தையும் எடுத்தால் கடன் இல்லாமல் வாங்கிவிடலாம். தினமும் கடைக்குப் போய்வர 16 கிலோமீற்றர், மாதம் இருமுறை அம்மாவைக் கண்டி கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும், ஒருமுறை கொழும்புப் பயணம். வீட்டுக்கு வரும் கடைசி மூன்று கிலோமீற்றர் தோட்டத்துப் பாதை மோசமானது. அம்மாவுக்கு முழங்கால் வலி, டபள் கெப்பில் ஏற முடிவதில்லை. இந்த வண்டி தானாகவே தாழ்ந்து கொடுக்கிறது. அந்தக் காலத்துத் துரைமாரின் லேண்ட் ரோவர்கள் இன்றும் நம் தோட்டங்களில் ஓடுவதைப் பார்க்கும்போது நம்பிக்கையாகவும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் உள்ளபடியே காரியம் நடக்குமானால், அதாவது கையில் இருப்பதையெல்லாம் திரட்டி விற்பவரிடம் கொடுத்துவிட்டு, இருக்கிற ஒரே வண்டியாக அதைத் தினமும் ஓட்டுவதாக இருந்தால், வாங்க வேண்டாம் என்பதே என் பதில். டிஸ்கவரி தரமற்ற வண்டி என்று நான் சொல்லவில்லை. நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் சுகத்தை எளிதில் மறக்க மாட்டார்கள், சேற்றிலும் ஏற்றத்திலும் அதன் திறமையைப் பற்றி எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பாதையும், உங்கள் ஓட்டமும், உங்கள் பணமும் அந்த வண்டி எதிர்பார்க்கும் வகையைச் சேர்ந்தவையல்ல.

முதலில் அந்தப் பாதி விலையைப் பார்ப்போம். சொகுசு வண்டி பழசாகும்போது அதன் விலைதான் இறங்குகிறதே தவிர, அதற்குள் இருக்கும் பாகங்களின் விலை இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது பெருஞ்செல்வந்தர் ஒருவர் வாங்கிய வண்டி அது. இன்று அதற்கு ஒரு டர்போவோ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் பாகம்) ஏயார் சஸ்பென்ஷன் கொம்பிரசரோ (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளுக்குக் காற்றடிக்கும் பம்பு) தேவைப்பட்டால், அந்தச் செல்வந்தர் கொடுத்திருக்க வேண்டிய தரத்து விலையைத்தான் நீங்களும் கொடுப்பீர்கள். பிராடோவுக்கு இந்த நிலை இவ்வளவு கடுமையாக வருவதில்லை, காரணம் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தை. ஜப்பானில் கழித்துவிடப்படும் வண்டிகளின் எஞ்சின், கியர்பெட்டி, முகப்பு விளக்கு, கதவு எல்லாம் கொள்கலன்களில் நம் நாட்டுக்கு வருவதால், ஜப்பானிய வண்டிக்காரருக்குப் புதுப் பாகம், பாவித்த பாகம், மாற்றுக் கம்பனிப் பாகம் என்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. ஐரோப்பிய வண்டிக்காரர் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், அதற்குப் பவுணில் அல்லது டொலரில் விலை, அதன்மேல் தீர்வை, அதன்மேல் காத்திருப்பு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, இரண்டே மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. அந்த நாட்களில் ஐரோப்பிய வண்டி வைத்திருந்தவர்கள் பாகத்துக்கு விலை கேட்டுவிட்டுப் பேசாமல் வண்டியைத் தார்ப்பாயால் மூடியதை நான் கண்டிருக்கிறேன். விற்பனை விலை பாதியாக இருப்பது சந்தையின் தவறு அல்ல. இந்த எதிர்காலச் செலவை அறிந்தவர்கள் முன்கூட்டியே கழித்துக்கொண்டு சொல்லும் விலை அது.

துரைமாரின் லேண்ட் ரோவரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் நானும் அந்த வண்டிகளின் அடியில் படுத்துத்தான் தொழில் பழகினேன். ஆனால் அந்த வண்டிக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு மிகக் குறைவு. 1948 முதல் 1985 வரை வெளிவந்த அந்தப் பழைய வரிசை வண்டிகள் இலைவில்லும், தடித்த சட்டகமும், அலுமினியத் தகடும் கொண்டவை. ஸ்பேனரும் சுத்தியலும் கையில் இருந்தால் தோட்டத்து வேலைத்தளத்திலேயே முடித்துவிடலாம். டிஸ்கவரி 4 இல் கை பிரேக்கைக்கூட மோட்டார்தான் இழுக்கிறது. அதைச் சரிசெய்வதற்கு முன் கணினியைப் பொருத்தி வண்டியோடு பேச வேண்டும், அந்தக் கணினியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் கந்தப்பளையிலோ நுவரெலியாவிலோ எளிதில் கிடைப்பதில்லை.

எரிபொருளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நீங்களும் விற்பவரிடம் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். உங்கள் ஓட்டத்தை நான் இப்படிக் கூட்டினேன்: கடைப் பயணம் மாதம் 400 கிலோமீற்றர், கண்டிக்கு இருமுறை போய்வர 340, கொழும்புக்கு 360, மற்றவற்றுக்கு 100, ஆக மாதம் 1,200, வருடம் 14,400 கிலோமீற்றர். உற்பத்தியாளர் சோதனைச்சாலைக் கணக்கில் லீற்றருக்குப் பத்து கிலோமீற்றருக்குச் சற்று மேல் காட்டினாலும், இரண்டரைத் தொன் எடையுள்ள வண்டி ரம்பொடை ஏற்றத்தில் அதைத் தராது. ஆறரை கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 2,215 லீற்றர் வரும். உங்கள் டபள் கெப் பத்து கிலோமீற்றர் ஓடினால் 1,440 லீற்றர் போதும். கணக்குக்காகச் சூப்பர் டீசலை 320 ரூபாயாகவும் ஓட்டோ டீசலை 280 ரூபாயாகவும் எடுத்தால் (விலை அடிக்கடி திருத்தப்படுவதால் அன்றைய விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்) டிஸ்கவரிக்கு 7 இலட்சத்து 9 ஆயிரம், டபள் கெப்புக்கு 4 இலட்சத்து 3 ஆயிரம். வித்தியாசம் வருடத்துக்கு மூன்று இலட்சத்தை ஒட்டி வருகிறது. இது சிறிய தொகை அல்லதான், ஆனால் மாதாமாதம் கண்ணுக்குத் தெரிந்தே போகும் தொகை என்பதால் யாரையும் இது கவிழ்ப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் போவது உங்கள் 100 இலட்சத்தின் வட்டி. வைப்புக்கு வருடத்துக்கு 8 வீதம் கிடைக்கிறது என்று வைத்தால் அது 8 இலட்சம், அதாவது அந்த வண்டி வருடம் முழுவதும் குடிக்கும் டீசலைவிட அதிகம். கடன் வாங்கவில்லை என்பதால் இந்தச் செலவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். லீசிங் கம்பனிக்குக் கட்டும் வட்டி வலிப்பதுபோல் நமக்கு வராமல் போகும் வட்டி வலிப்பதில்லை என்பது மட்டுமே உண்மை.

இனி, உங்கள் பயண முறைக்கே உரிய ஒரு பிரச்சினைக்கு வருகிறேன். இதைத்தான் விற்பவர் சொல்லமாட்டார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பிரித்தானியாவுக்காகச் செய்யப்பட்ட அந்தக் காலத்து யூரோ 5 (ஐரோப்பியப் புகைத் தரம்) டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கராஜில் டிபிஎஃப் என்பார்கள். அது நிரம்பும்போது வண்டியின் கணினி கூடுதல் டீசலைச் செலவிட்டுப் புகையின் வெப்பத்தை உயர்த்தி, சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சாம்பலாக்கும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, கால் மணி நேரம் இருபது நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஓடும் வண்டிக்கு இது தானாகவே நடந்துவிடும். கந்தப்பளையில் விடியற்காலைக் குளிரில் எட்டுக் கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஓடி, எஞ்சின் முழுச்சூடு காணுமுன் கடைவாசலில் நின்றுவிடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு வாரக்கணக்கில் கிடைக்காது. எரிக்கும் முயற்சி பாதியில் நின்றால், எரியாத டீசல் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் டர்போவையும் பெயரிங்கையும் தேய்க்கும். ஒரு சிறிய வடிகட்டியில் தொடங்கிய குறை எஞ்சின் வரை போவது இப்படித்தான்.

எரிபொருளின் தரமும் இதோடு சேர்கிறது. யூரோ 5 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, யூரோ 4 இல் 50 பங்கு வரை அனுமதி. நம் நாட்டில் 2018 இலிருந்து யூரோ 4 தரத்துச் சூப்பர் டீசல் விற்கப்படுகிறது. அதுவும் மலையகத்தின் எல்லா எரிபொருள் நிலையங்களிலும் எப்போதும் இருப்பதில்லை. சூப்பர் இல்லாத நாளில் ஓட்டோ டீசலை ஊற்றிக்கொண்டு போகும் பழக்கம் உங்கள் டபள் கெப்புக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. முன்னைய உரிமையாளர் அந்த வடிகட்டியை அறுத்தெறிந்துவிட்டுக் கணினியையும் ஏமாற்றி வைத்திருக்கவும் கூடும். அப்படியானால் அடைப்புத் தொல்லை இல்லை, ஆனால் கணினியின் நிரலில் கை வைத்தவர் வேறு எதில் கை வைத்தார் என்ற கேள்வி எழும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய டர்போக்கள் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சினில் டர்போ மாற்றுவதென்றால், பொனட்டைத் திறந்து கை நுழைக்கும் வேலையாக அது இருப்பதில்லை. வண்டியின் உடலைச் சட்டகத்திலிருந்து தூக்கிவிட்டுச் செய்வதே பெரும்பாலும் வழக்கம். பாகத்தின் விலையைவிடக் கூலி உங்களைத் திகைக்க வைக்கும். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீற்றர் எல்லை ஒன்றும் வருட எல்லை ஒன்றும் உண்டு, எது முந்துகிறதோ அன்று மாற்ற வேண்டும்; 2012 இல் பூட்டிய பெல்ட் இன்னும் உள்ளே இருக்குமானால் மீற்றர் எதைக் காட்டினாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. எஞ்சினின் பின்புறத்தில் உயரழுத்த டீசல் பம்பை ஓட்டும் இன்னொரு பெல்ட் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த வி6 எஞ்சின்களில் கிராங்க் தண்டின் பெயரிங் சுழன்று தண்டே உடைந்த சம்பவங்கள் பல நாடுகளிலும் அறியப்பட்டவை. எல்லா வண்டிக்கும் நேர்வதல்ல, நேர்ந்தால் எஞ்சினே போய்விடும். கியர்பெட்டி ஒயில் ஆயுள் முழுவதும் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கியர்பெட்டியைச் செய்த ஜெர்மன் கம்பனியோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. 115,000 இல் நிற்கும் வண்டிக்கு அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஏயார் சஸ்பென்ஷன் ரப்பர்ப் பைகளின் மேல் நிற்கிறது. ரப்பருக்கு வயது உண்டு, நம்முடைய சேறும் ஈரமும் அதன் ஆயுளைக் குறைக்கும். ஒரு பையில் ஊசித்துளை விழுந்தால் வண்டி உடனே விழுந்துவிடாது. கொம்பிரசர் மட்டும் ஓயாமல் ஓடி ஓடிக் கடைசியில் எரிந்துபோகும், அப்போது இரண்டு செலவு. டயரைப் பொறுத்தவரை ஒன்றே சொல்கிறேன்: நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும் வண்டியில் தேய்ந்த மூன்றோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது, வாங்கினால் நான்கும் ஒரே வகையாக வாங்க வேண்டும். பிரேக் கட்டைகள் இறக்கத்தில் எப்படித் தேயும் என்பது மலைப்பாதையில் ஓட்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மட்டும் தவறக்கூடாது.

பல வருடங்களுக்கு முன் நானே ஒரு பழைய ஐரோப்பிய ஜீப்பை ஆசைப்பட்டு வாங்கினேன். தொழில் தெரிந்தவன், கூலி மிச்சம் என்ற துணிச்சல்தான் காரணம். ரம்பொடைக்கும் புஸ்ஸல்லாவைக்கும் இடையில் ஒரு மாலை, குளிரூட்டும் நீர் போகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெடித்தது. உள்ளங்கையில் அடங்கும் பாகம் அது. வண்டியைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, நான்கு சக்கர இயக்க வண்டி என்பதால் தட்டையான பாரவண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கண்டியிலிருந்து ஆள் வரும்வரை பனிமூட்டத்தில் நான்கு மணி நேரம் நின்றேன். அந்தக் குழாய் வந்து சேர ஆறு கிழமை சென்றது. அந்த ஆறு கிழமையும் எனக்கு வேறு வண்டி இருந்தது, உங்களுக்கு இருக்காது. மரக்கறி வியாபாரிக்கு வண்டி நிற்பதென்றால் கராஜ் பில்லோடு முடிகிற செலவா அது?

காப்புறுதியை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவணைப் பணத்தை மட்டும் கேட்டு விட்டுவிடாமல், பழைய வண்டியின் புதுப் பாகத்துக்குத் தேய்மானமாக எத்தனை வீதம் கழிப்பார்கள், எவ்வளவு தூரம் வரை வண்டியை ஏற்றிக் கொண்டுபோகப் பணம் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருடாந்தச் சிறு செலவுகள். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரு கணக்கில் வைத்தால்: டீசல் 7 இலட்சத்து 9 ஆயிரம், இழக்கும் வட்டி 8 இலட்சம், பழுதுக்கென மாதம் 50 ஆயிரம் வீதம் ஒதுக்க வேண்டிய 6 இலட்சம். இந்தக் கடைசித் தொகை என் அனுபவ மதிப்பீடு. சில வருடம் மிஞ்சும், ஒரு வருடம் அத்தனையையும் விழுங்கும். மூன்றையும் 14,400 ஆல் வகுத்தால் கிலோமீற்றருக்கு 146 ரூபாய். காப்புறுதியும் டயரும் விலை இறக்கமும் இதில் சேரவில்லை. அம்மாவை ஒருமுறை கண்டிக்கு அழைத்துச் சென்றுவர ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதே பயணத்துக்கு ஊரில் வேன் பிடித்தால் என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

விற்கும்போது விலை இறங்காது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்து நம்பிக்கை. அந்த ஐந்து வருடமும் ஓட்டை வண்டிக்கும் விலை ஏறியது உண்மைதான். 2025 பெப்ரவரியில் சொந்தப் பாவனை வண்டிகளுக்கும் கதவு திறந்த பிறகு, வரி எவ்வளவு கனமாக இருந்தாலும், பதின்மூன்று வருடத்தைத் தாண்டிய ஐரோப்பிய வண்டி ஏறும் விலையில் போகும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

டபள் கெப்பை விற்காமல் வைத்துக்கொண்டு, வண்டி விலைக்கு மேல் இன்னும் 25 முதல் 30 இலட்சம் வரை தொடாமல் ஒதுக்கி வைத்து, கண்டிக்கும் கொழும்புக்கும் மட்டும் இதை ஓட்டக்கூடிய நிலை உங்களுக்கு இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அந்த நிலையில் உள்ள வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கொழும்பின் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாலையில் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் மேலுள்ள மட்காட் விளிம்பின் உயரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதிவைத்து, மறுநாள் காலையில் எஞ்சினைத் தொடுமுன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் காற்றுப் பை கசிகிறது. அந்தக் குளிர்ந்த எஞ்சினை முதல்முறை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டி, டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்டு, அந்த பில்லில் பின்பக்கப் பெல்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்குங்கள் என்பதே. அந்த வண்டி ஏறி இறங்குவதற்காகத் தாழ்ந்து கொடுப்பது வெறும் 50 மில்லிமீற்றர், இரண்டு அங்குலம். தாழ்ந்த பிறகும் அது உயரமான வண்டிதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இடுப்பு உயரத்தில் ஆசனம் உள்ள வண்டியே வசதி, உட்கார்ந்துகொண்டே காலைத் திருப்பி உள்ளே வைக்கலாம். எக்ஸ்-ட்ரெய்ல், சிஆர்-வி, ராவ்4 போன்ற ஜப்பானியப் பெற்றோல் வண்டிகளில் நான்கு சக்கர இயக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தோட்டத்துப் பாதைக்கும் போதும். கரி வடிகட்டி இல்லை, காற்றுப் பை இல்லை, பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், உங்கள் வைப்பிலும் ஒரு பகுதி மிஞ்சும். அதுவரைக்கும் டபள் கெப்பின் இடப்பக்கக் கதவின் கீழ் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அகலமான மடக்குப் படி ஒன்றையும், கதவுத் தூணில் ஒரு கைப்பிடியையும் நுவரெலியாவில் வெல்டிங் செய்பவர் யாரிடமாவது சொல்லிப் பூட்டுங்கள். அளவெடுக்கும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.